திருகோணமலையில் கட்டாக்காலி நாய்களை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

வெறுக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சோறு போடுகிறார்கள். ஆனால் "உங்கள் நாயா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. முன்வீட்டில் அதற்கு ஜிம்மி என்று பெயர். தேநீர்க் கடை அக்காவுக்கு அது கறுவல். காலையில் திருக்கடலூர்க் கரைக்குப் போனால் வலையில் நசிந்த சூடை மீனும் அதற்குக் கிடைக்கும். போன வருடம் ஓர் இரவு என் கணுக்காலுக்கு மேலே அதன் இரண்டு பற்கள் பதிந்தன. குழாயடியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விசர்நாய்க்கடி ஊசி இலவசம்தான். "வளர்ப்பு நாயா? அதற்குத் தடுப்பூசி போட்டதா?" என்று தாதி கேட்டார். மறுநாள் விசாரித்தால் அக்கா, "அது சும்மா திரிகிற நாய், தம்பி" என்றார். ஜிம்மி என்று கூப்பிட்ட வீட்டுக்காரர் கேற்றையே திறக்கவில்லை.

நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் 1901இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவுத் துண்டு வைத்திருக்கும் ஒருவரையும் எனக்குத் தெரியாது. பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டி மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருபவர்களைத் தெரியும். அவர்களும் வெள்ளிக்கிழமை தவறாமல் வைரவருக்கு வடைமாலை சாத்துபவர்கள்தான். கோட்டைப் பக்கம் திரியும் மான்களை நாய்கள் கடித்துவிட்டால் மட்டும் ஊரே கொதிக்கும், பிடித்துக்கொண்டு போங்கள் என்று. எங்கே கொண்டுபோவது? 2006 முதல் கொல்லக் கூடாது என்பதே அரசின் கொள்கை. மிஞ்சியிருப்பது கருத்தடையும் தடுப்பூசியும். இரண்டுக்கும் நாயைப் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

விசர் இருந்தால் அதற்குள் செத்துவிடும் என்பதால், பதினான்கு நாள் அந்த நாயைக் கவனித்து வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தினமும் ஒரு பணிஸோடு போய், உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் அது என் வாசலிலேயே படுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு தடுப்பூசி முகாம் வந்தபோது கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனவனும் நான்தான். உரிமையாளர் பெயர் கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தேநீர்க் கடை அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.