மூலநிரலையும் கேட்கிறார் டேனரி முதலாளி: கொடுக்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் நானும் நண்பரும் தோல் பதனிடும் டேனரிகளின் ஜாப் ஒர்க் (பிறர் சரக்கைக் கூலிக்குப் பதனிடும் வேலை) கணக்குக்காக ஒரு மென்பொருள் எழுதி, மூன்று இடங்களுக்கு விற்றிருக்கிறோம். நான்காவதாக வாங்க வந்த வாணியம்பாடி முதலாளி மூலநிரலையும் (சோர்ஸ் கோடு) சேர்த்துக் கேட்கிறார். 'யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓப்பன் சோர்ஸாகவே விட்டுவிடலாம்' என்கிறார் நண்பர். வேறு யாராவது எடுத்து விற்றுவிட்டால்? எங்கள் வருமானத்துக்கு என்ன வழி?

பதில்: வாணியம்பாடி முதலாளி ஓசியில் வாங்கப் பார்க்கவில்லை. அதுதான் நோக்கம் என்றால் விலையைத்தான் குறைக்கச் சொல்லியிருப்பார். நாளை நீங்கள் இருவரும் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால், எந்தப் பார்ட்டியின் சரக்கு வெட் ப்ளூவில் (குரோம் பதனிட்டு இன்னும் ஈரமாக இருக்கும் நிலை) எத்தனை சதுர அடி நிற்கிறது என்று யாரிடம் கேட்பது? அந்தப் பயம் நியாயமானதுதான்.

அவருக்கு நிரலைக் கொடுப்பது வேறு, ஊருக்கே திறந்துவிடுவது வேறு. ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் விற்றால், மென்பொருளை வாங்கியவருக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் போட்டே ஆகவேண்டும் என்றில்லை. விலை உங்கள் இஷ்டம். ஆனால் வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியதைப் போட்டி டேனரிக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க எந்த முதலாளியும் அவசரப்பட மாட்டார் என்பது என் கணிப்பு.

சரி, வருமானம். நிரல் ஒருமுறை எழுதுவது, ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஜிஎஸ்டி மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயமானது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. இலவச நிரல் கையில் இருந்தாலும், அதைத் தானாகத் திருத்திக்கொள்ள டேனரி கணக்கருக்குத் தெரியாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நேரத்தில் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும். காசு அதற்குத்தான். ரெட் ஹேட் நிறுவனமும் லினக்ஸ் இயங்குதளத்தை இப்படித்தான் விற்றது: சோதித்த பதிப்பு, ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தம், ஆண்டுச் சந்தா. ஐபிஎம் அதை 2019ல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சேவையை மட்டும் நம்பினால் வாடிக்கையாளர் கூடக்கூட ஆளும் கூட வேண்டும். இருவரே இருக்கும் உங்களுக்கு அது சீக்கிரமே மூச்சு முட்டும். அதனால் அழைப்புக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்பணமாக வாங்குங்கள். நிறுவுதல், பழைய டேலி கணக்கை மாற்றித் தருதல், ஆட்களுக்குப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் தனி பில். லைசன்ஸ் விலையில் 15, 20 சதவீதம் என்று ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும் பழக்கம் இங்கே உதவாது, லைசன்ஸ் விலையே இல்லாமல் போகலாம். எத்தனை பயனர், எத்தனை கிளை என்று கணக்கிடுங்கள்.

வேறு யாராவது எடுத்து விற்றால் என்ன என்று கேட்டீர்கள். எலாஸ்டிக் நிறுவனத்துக்கு அது நடந்தது. அதன் தேடல் மென்பொருளை அமேசான் தன் கிளவுட் சேவையாக விற்றது. 2021ல் எலாஸ்டிக் உரிமத்தை மாற்றியது, அமேசான் பழைய நிரலை எடுத்து ஓப்பன்சர்ச் என்று தனியாகக் கிளை பிரித்துக்கொண்டது. தோல் ஜாப் ஒர்க் கணக்குக்கு அமேசான் வரிந்துகட்டிக்கொண்டு வராது. உங்களுக்கு வரக்கூடிய போட்டி பக்கத்துத் தெரு ஆள்தான். அவர் இணையவழிச் சேவையாக விற்பார் என்று தோன்றினால் ஜிபிஎல்லுக்குப் பதில், இணையவழிச் சேவைக்கும் பொருந்தும் ஏஜிபிஎல் உரிமம் போடுங்கள். அவர் செய்த மாற்றங்களையும் தன் பயனர்களுக்குத் தந்தாக வேண்டும். நிரலின் முழு உரிமையும் உங்களிடம் இருந்தால், மூடிய நிரலாக விற்க விரும்புகிறவருக்குத் தனி உரிமமும் விற்கலாம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள நிறுவனம் இப்படி வளர்ந்துதான் 2008ல் சன் நிறுவனத்துக்கு 100 கோடி டாலருக்குப் போனது.

அப்புறம், பெயரை டிரேட்மார்க் செய்துவிடுங்கள். நிரலைத் திறந்தாலும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகை) 4,500 ரூபாய்.

எதையும் செய்யும் முன், நிரலில் வேறு யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பகுதிநேரமாக ஒரு கல்லூரிப் பையன் எழுதித் தந்திருந்தால், காசு கொடுத்திருந்தாலும் பதிப்புரிமை அவனுடையதாகவே இருக்கலாம். கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இரண்டையும் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.