அகல டயரும் காணாமல் போன மூன்று கிலோமீட்டரும்: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். சென்ற ஆண்டு 165/80 ஆர்14 அளவு டயர்களைக் கழற்றிவிட்டு, அலாய் வீலுடன் 195/65 ஆர்15 போட்டுக்கொண்டேன். கூரையில் கேரியரும் முன்புறம் இரும்பு கார்டும் பொருத்தியிருக்கிறேன். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி இப்போது 15தான் கொடுக்கிறது. ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். என்ஜினை இயக்கும் கணினியான ஈசியுவின் நிரலை மாற்றி ரீமேப் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு வாசகர், கடலூர்)

பதில்: இருவர் பேச்சையும் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அந்த 15 என்ற கணக்கு சரிதானா என்று முதலில் பார்ப்போம். உங்கள் பழைய டயரின் குறுக்களவு ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். புதியதன் குறுக்களவு 634 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓடோமீட்டர் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. சக்கரம் பெரிதாகிவிட்டது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே மீட்டரில் 100 கிலோமீட்டர் ஏறும்போது வண்டி உண்மையில் 102.4 கிலோமீட்டர் ஓடியிருக்கும். உங்கள் 15 என்பது உண்மையில் 15.4. வேகமானியும் இதே அளவுக்குக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சிய இரண்டரை கிலோமீட்டர் எங்கே போயிற்று? சாலையைத் தொடும் பரப்பு அகலமாகும்போது டயர் உருளுவதற்கான தடை பொதுவாகக் கூடுகிறது. அகல டயரும் பெரிய வீலும் சேர்ந்து எடையையும் கூட்டிவிடுகின்றன. அது சக்கரத்தில் ஏறிய எடை என்பதால், வண்டியை நகர்த்துவதோடு அந்த எடையைச் சுழற்றவும் என்ஜின் உழைக்க வேண்டும். தவளக்குப்பத்திலும் அரியாங்குப்பத்திலும் நூறடிக்கு ஒரு முறை நின்று கிளம்பும் உங்களைப் போன்றவருக்கு இந்தச் செலவு ஒவ்வொரு கிளம்பலிலும் விழுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுகிறவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது.

கேரியரின் கதை இதற்கு நேர்மாறானது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 80இல் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடுகிறது. அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வெறும் கேரியர் பெரிதாக ஒன்றும் கேட்காது. அதே கேரியரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு விரைந்தால், மேலே ஒரு பை கூட இல்லாவிட்டாலும் வழிநெடுகப் பெட்ரோல் தின்னும். ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போகத்தான் கேரியர் வேண்டும் என்றால், அந்த இரு முறை மட்டும் மாட்டிக்கொண்டு மற்ற நாட்களில் கழற்றி வீட்டில் வையுங்கள். கேரியர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதில் எதையும் ஏற்றியதே இல்லை என்பது என் சந்தேகம்.

இரும்பு கார்டைப் பற்றி எரிபொருள் கணக்கைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே நொறுங்கும்படி செய்யப்பட்ட முன்பகுதியின் வேலையை அது கெடுத்து, அதிர்ச்சியை நேராகச் சட்டகத்துக்குக் கொண்டு செல்கிறது. காற்றுப்பை விரியும் நேரமும் பிசகக்கூடும். இத்தகைய கார்டுகளின் மேல் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. கழற்றிவிடுங்கள், எடையும் குறையும்.

இனி உங்கள் மெக்கானிக். அவர் சொல்வது கார்ப்பரேட்டர் காலத்து உண்மை. அப்போது காற்று அடைபட்டால் பெட்ரோல் மிகுந்து, கரும்புகை வரும். இப்போதைய என்ஜின், உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆகவே ஃபில்டர் அடைபட்டால் பிக்கப் குறையுமே தவிர மைலேஜ் பெரிதாகக் குறையாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துச் சொன்னதும் இதுதான். இதற்காக ஃபில்டரை மாற்றாமலே விட்டுவிட வேண்டாம். என்ஜினுக்குள் புழுதி போகாமல் தடுப்பது அதுதான். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் என்ஜினில் ரீமேப் செய்வதால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். வாரண்டியும் புகை அளவும் பாழாகும் வாய்ப்பு அதிகம். அந்தப் பணத்தில் பழைய அளவு டயரையே வாங்கிவிடலாம்.

கேள்வி: என் கணவர் சிக்னல் தெரிந்தவுடனே நியூட்ரலுக்கு மாற்றிவிடுகிறார். கேட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். உண்மையா?
(ஒரு வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: அவர் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் உண்மையாக இருந்திருக்கும். எரிபொருளை ஊசி வழியே தெளிக்கும் இன்றைய என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுவதால் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலுக்கு மாற்றினால் என்ஜின் அணையாமல் இருக்கத் தானே பெட்ரோல் குடித்தாக வேண்டும். அதாவது மிச்சம் பிடிப்பதற்காகச் செய்வதே செலவாகிறது. வண்டி பாதுகாப்புக்கும் கியரில் இருப்பதே நல்லது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுபவர்களும் உண்டு. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை விசை போய்விடும் என்பதால் அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

ஆனால் உங்கள் கணவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: சிக்னலைத் தொலைவிலேயே பார்த்துவிடுகிறார். மைலேஜில் பாதி வித்தை அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே எரித்த பெட்ரோலின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறோம். இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு நூறு மீட்டருக்கு முன்பே தெரியும்போது, அது வரைக்கும் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுப் பிறகு அழுத்தமாகப் பிரேக் போடுகிறவருக்கும், அப்போதே காலை எடுத்து மூன்றாவது கியரில் வண்டியை வடியவிடுகிறவருக்கும், போய்ச் சேரும் நேரம் ஒன்றுதான். நிறுத்தம் நீளும் என்று தெரிந்தால் மட்டும் என்ஜினை அணைத்துவிடுங்கள். சிறிய பெட்ரோல் என்ஜின் நின்றபடியே ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் கூடும்.

கேள்வி: திருப்பாப்புலியூரில் இருக்கிறேன். எல்லை தாண்டிப் புதுச்சேரி பங்க்கில் பெட்ரோல் போட்டால் லாபம் என்று எல்லோரும் போகிறார்கள். நானும் போகலாமா?
(ஒரு வாசகர், கடலூர்)

பதில்: அந்தப் பக்கம் வேலை இருந்தால் போகலாம். லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்றும் 30 லிட்டர் போடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால் மிச்சம் 150 ரூபாய். அதற்காகவே போக வர 15 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர், அதாவது 100 ரூபாய் போய்விடும். மீதி 50 ரூபாய்க்கு பங்க்கில் வரிசையில் நிற்க உங்களுக்கு மனம் இருந்தால் சரி.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் மைலேஜைக் கூட்டுமா?
(ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: கூட்டாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. அவற்றில் மிகச் சிலவே அற்பமான பயன் தந்தன. காந்தத்தை மாட்டியவர் மைலேஜ் கூடியதாகச் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்தவர் அந்த வாரம் முழுவதும் மெதுவாக ஓட்டிப் பார்த்திருப்பார்.

கேள்வி: வண்டியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இருந்தும் ஓராண்டாக மைலேஜ் குறைகிறது. தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு அருகில் வீடு. வண்டி வாசலிலேயே நிற்கும்.
(ஒரு வாசகி, கடலூர்)

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்று, பெட்ரோலே மாறியிருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. முன்பிருந்த 10 விழுக்காட்டுக் கலவையோடு ஒப்பிட்டால், லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலில் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

குறைவு அதைவிட அதிகம் என்றால், நான் பிரேக்கைச் சந்தேகிப்பேன். உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் ஊசிகளும் ஹேண்ட்பிரேக் கேபிளும் துருவேறி, பிரேக் விட்ட பிறகும் முழுதாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது தெரியாது. பத்து கிலோமீட்டர் போய், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு வீலுக்கு அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு வீல் மட்டும் அனல் வீசினால் குற்றவாளி அதுதான். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டால் போதும். வண்டி சில நாட்கள் நிற்கும் என்றால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காமல், சமதரையில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நான்கு வீலும் ஒரே சூட்டில் இருந்தால், டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றை அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடித்துவிட்டு, டேங்கை நிரப்பி, அடுத்த முறை அதே பங்க்கில் நிரப்பும்போது கணக்குப் பாருங்கள். இரண்டு மூன்று நிரப்பலுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் அந்தக் கணக்கோடு மீண்டும் எழுதுங்கள்.