வண்டியில்லாமல் குடியிருக்க: வடக்கு மாட வீதியா, மந்தைவெளியா?

தரமணியில் வேலை, வண்டி கிடையாது, மயிலாப்பூர் வடக்கு மாட வீதி வீட்டுக்கு 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், மந்தைவெளியில் இன்னொரு வீடும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால் மந்தைவெளிதான். பறக்கும் ரயிலில் ஏறினால் நேரே தரமணி. காய்கறிக்கு மாட வீதிக்கு நடந்தே வந்துவிடலாம். மாட வீதியிலேயே குடியிருந்தால் பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர் திருவிழா அன்று வாசலைத் தாண்ட முடியாது. (எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

அட்வான்ஸ் பற்றி: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 3 மாத வாடகை என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே செல்லும். அதனால் பேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒரு மாத வாடகை அதில் போயிற்று.

அப்புறம், காலை 7 மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். சமையலறைக் குழாயில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து அப்படியே வையுங்கள். அடியில் மஞ்சளாகப் படிந்தால் இரும்பு கலந்த போர் தண்ணீர். கேன் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்றும் கேட்டுவிடுங்கள்.