வரம்பை யார் போடுவது?

கேள்வி: அமெரிக்காவில் எந்த மீனை ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று சட்டம் போட்டு வரம்பு கட்டுகிறார்கள். மீனவர் பிழைப்பையும் பார்த்து அதைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் என்ன?

பதில்: பிழைப்பைப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது? 1976-ல் வந்த மேக்னுசன்-ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க மீன்பிடிச் சட்டத்தின் முதல் வேலையே, கரையிலிருந்து 200 கடல் மைலுக்குள் வெளிநாட்டுக் கப்பல்களை ஒதுக்கி உள்ளூர் மீனவருக்கு இடம் பிடித்துக் கொடுத்ததுதான். மீன்பிடியை நம்பியிருக்கும் ஊர்களின் பொருளாதாரத்தையும் பார்க்க வேண்டும் என்று அதில் தனி விதியே உண்டு. வரம்பு போடும் எட்டு வட்டார மன்றங்களில் மீன்பிடித் தொழில்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் 'கொஞ்சம் தளர்த்தல்' அங்கே பல ஆண்டு நடந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையான நியூ இங்கிலாந்தில் காட் மீன் வளம் சரிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் 2006 திருத்தம், அறிவியல் குழு சொல்லும் அளவை மன்றம் தாண்டக் கூடாது என்று கட்டிப் போட்டது. அந்த அளவுக்குள் யாருக்கு எவ்வளவு என்று தாராளமாகச் சண்டை போடட்டும்.

பக்கத்துக் கனடாவைப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் குறையக் குறைய, மிஞ்சியவை நெருக்கமாகக் கூட்டம் சேர்ந்தன. இழுவலைக் கப்பல்கள் அந்தக் கூட்டங்களையே தேடிப் போய் வாரின. வலை நிரம்பி வந்ததும், கடலில் மீனுக்குக் குறைவில்லை என்று அரசுத் தரப்பில் கணக்கு எழுதினார்கள். கரையோரச் சிறு படகுக்காரர்கள் 'மீன் வரவில்லை' என்று கத்தியது எடுபடவில்லை. 1992-ல் ஒரேயடியாகத் தடை. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டுக்கு என்று அறிவித்த தடை, முறைப்படி நீங்க 2024 ஆயிற்று. பிழைப்பைக் காப்பாற்றிய லட்சணம் இது!

சரி, மீனவர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். அமெரிக்காவில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகில் ஏறும் கண்காணிப்பாளருக்கு நாளொன்றுக்கு 700 டாலர் அளவுக்குப் படகுக்காரரே கொடுக்க வேண்டும் என்று அரசுத் துறை விதி போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் துறை சொல்லும் பொருளை நீதிமன்றம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று 2024-ல் தீர்ப்பு வந்தது. சின்னப் படகுக்காரருக்கு அந்தத் தொகை உயிர்ப் பிரச்சினை. கண்காணிப்புச் செலவை அரசே ஏற்கட்டும் என்று மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மீன் கணக்கைக் கூட்டி எழுதச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.