மேசைக் கணினியோடு ப்ளூடூத் ஹெட்போன் ஏன் சேர மறுக்கிறது?

போனோடு உடனே சேரும் ஹெட்போன் மேசைக் கணினியோடு மட்டும் சேராததற்கு, நான் பார்த்தவரை, இரண்டு காரணங்கள்தான் அதிகம்.

‘பேரிங்’ என்றால் இரண்டு கருவிகளும் ஒரே ரகசிய எண்ணைத் தங்களுக்குள் சேமித்துக்கொள்வது. நெல் மண்டிக்காரரும் விவசாயியும் ஒரே கணக்கை ஆளுக்கொரு நோட்டில் எழுதி வைப்பது மாதிரி. விண்டோஸை மறுபடி நிறுவினால் ஒரு நோட்டு போய்விடும், கணக்கு ஒத்துப்போகாது. இரண்டு பக்கமும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

அப்படியும் சேரவில்லையா? டாங்கிள், அதாவது கணினிக்கு ப்ளூடூத் தரும் அந்தச் சின்ன யூஎஸ்பி கருவி, எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடினால் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். போதாக்குறைக்கு, கணினியின் இரும்புப் பெட்டியும் அலையை மறைக்கும். திருவாரூர்ப் பக்கம் குறுவை அறுவடை இயந்திரத்தை ஒட்டி நின்றால் எதிர் வரப்பிலிருந்து கூப்பிடுவது காதில் விழாது. பத்தடி தள்ளி வந்தால் கேட்கும். டாங்கிளையும் அப்படித்தான், நீட்டிப்பு ஒயர் போட்டு மேசை மேல் கொண்டுவாருங்கள். டிரைவர் மென்பொருளை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

மதர்போர்டிலேயே ப்ளூடூத் இருந்தால், பின்பக்கம் ஆண்டெனா திருகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

திரையில் ‘பேர்டு’ (Paired) என்று வந்தாலே இணைப்பு கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ரகசிய எண் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள், அந்த நேரத்தில் ஹெட்போன் உங்கள் போனோடு சேர்ந்திருக்கலாம்.