நிழல் ஒன்று, சொல் இரண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஆங்கிலக் கட்டுரையில் 'மரத்தின் ஷேடோவில் உட்கார்ந்தோம்' என்ற பொருளில் எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்து 'ஷேட்' என்று திருத்தியிருக்கிறார். "ரெண்டும் நிழல்தானேப்பா?" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டது நியாயம். தமிழில் இரண்டும் நிழல்தான். அரணுக்கு 'அணிநிழற் காடு' வேண்டும் என்கிறது 742ஆம் குறள். அது குளிர்ச்சி தரும் நிழல். தீமை செய்தவனைக் கேடு விடாது, காலடியிலேயே தங்கும் நிழல் போல, என்கிறது 208ஆம் குறள். அது ஆளோடு ஒட்டிய நிழல். வள்ளுவருக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது.

ஆங்கிலத்திலும் முதலில் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அது எழுவாயாக நின்ற வடிவம் ஷேட் ஆனது, வேற்றுமை ஏற்ற வடிவம் ஷேடோ ஆனது. நம் 'மரம்', 'மரத்து' இரண்டும் தனித்தனிச் சொல்லாகிப் பிரிந்து போனால் எப்படியோ, அப்படி.

இப்போது ஷேடோவுக்கு உருவமும் சொந்தக்காரரும் உண்டு. சாக்பீஸால் சுற்றிக் கோடு போடலாம். ஷேட் என்பது வெயில் படாத இடம். அங்கே போய் நிற்கலாம், வண்டியை நிறுத்தலாம். ஜன்னலுக்கு மேல் கொத்தனார் போடுவது சன்ஷேடு. பஸ் ஸ்டாப்பில் 'பயணிகள் நிழற்குடை' என்று எழுதியிருப்பதும் ஷேட்தான். 'நிழல் பட்ஜெட்' என்றால் ஷேடோ. துணிக்கடையில் "இதே கலர்ல லைட் ஷேடு காட்டுங்க" என்கிறோமே, அங்கே ஷேடோவுக்கு வேலையே இல்லை.

ஆனால் மகளிடம் அவசியம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. 'அண்ணன் நிழலில் வளர்ந்தான்' என்றால் அண்ணன் ஆதரவில் வளர்ந்தான் என்றுதான் நமக்குப் படும். அதையே ஆங்கிலத்தில் ஷேடோ போட்டு எழுதினால், அண்ணனின் பெயருக்குக் கீழே அமுங்கிப் போனவன் என்று ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் நிழல் என்றாலே அருள். அப்பர் இறைவனின் திருவடியை 'இணையடி நீழல்' என்று பாடியதும் அதனால்தான். அந்த நீழலுக்கு ஷேடோ என்று மொழிபெயர்த்தால் பாட்டின் குளிர்ச்சியே போய்விடும். மரத்தடியில் உட்கார்ந்த சுகத்தை எழுத வந்த பெண்ணுக்கும் ஷேட்தான் சரி.

ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் மகளைத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். நேராக நட்ட கம்பத்துக்கு ஷேடோ இருக்காது. அப்புறம் பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நில்லுங்கள். அங்கே ஷேட் இருக்கும்.

அன்புடன்.