ஃபார்மலினில் ஊறிய மூளையை எம்ஆர்ஐ எடுத்தால் நரம்புப் பாதைகள் தெரியுமா?

ஊட்டியில் மருத்துவம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: உடற்கூறியல் அறை ஜாடியில் இருக்கும் மூளையை டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுத்தால் நரம்புப் பாதைகள் தெரியுமா?

தெரியும். ஆனால் நோயாளிக்கு எடுக்கும் அதே செட்டிங்கில் எடுத்தால் உருப்படியாக எதுவும் வராது. நான் கோத்தகிரிக்காரன், இந்த வகைப் படங்களை அலசுவதுதான் பிழைப்பு.

டிஃப்யூஷன் எம்ஆர்ஐ நரம்பிழையை நேராகப் படம்பிடிப்பதில்லை. திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் தாராளமாக நகர்கின்றன என்று அளந்து, இழை அந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஊகிக்கிறது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்புறம் ஜாடி மூளையில் உடல் சூடும் கிடையாது. இரண்டும் சேர்ந்து நகர்வு உயிருள்ள மூளையில் இருப்பதில் பாதிக்கும் கீழே போய்விடும். நல்லவேளை, திசை வித்தியாசம் பெருமளவு தங்கிவிடுகிறது. ஆகவே பி-மதிப்பை, அதாவது தண்ணீர் நகர்வை ஸ்கேன் எவ்வளவு நுணுக்கமாக உணர வேண்டும் என்று வைக்கும் செட்டிங்கை, ஏற்ற வேண்டும். நோயாளிக்கு வழக்கமாக 1000 வைக்கிற இடத்தில் இதற்கு 4000 அல்லது அதற்கும் மேல். ஃபார்மலினால் சிக்னலும் சீக்கிரம் மங்கும். முன்கூட்டியே ஃபாஸ்பேட் பஃபர் என்ற உப்புக் கரைசலில் ஊறவைத்து ஃபார்மலினைக் கழுவினால் கொஞ்சம் மீளும். அப்படியும் ஸ்கேன் பல மணி நேரம் ஓடும்; ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்க்கிற வேலை.

நம்ம ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. சுத்தமான தண்ணீரின் டிஃப்யூஷன் (மூலக்கூறு நகர்வு) அளவு 20 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 0.002 சதுர மில்லிமீட்டர். 10 டிகிரியில் 0.0015தான். மார்கழிக் குளிரில் கிடந்த ஜாடியை நேரே ஸ்கேனருக்குள் வைத்தால், ஸ்கேன் ஓட ஓட மூளை சூடாகும், அளவுகளும் கூடவே ஏறும். முதல் மணி நேரப் படமும் கடைசி மணி நேரப் படமும் ஒன்றோடொன்று ஒட்டாது. முந்தின நாளே ஸ்கேனர் அறையில் வைத்துவிடுங்கள். (ஸ்கேனர் அறையில் ஏசி இருப்பதைப் பார்த்து "ஊட்டியில் எதற்கு ஏசி?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அறை வெப்பநிலையை ஒரே சீராக வைக்கத்தான்.)

காற்றுக்குமிழி இன்னொரு தொல்லை. மூளை மடிப்புக்குள் ஒரு குமிழி மாட்டினாலும் அந்த இடத்தில் படம் நெளியும். வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு ஃபோம்ப்ளின் என்ற திரவத்தில் மூழ்கடிப்பார்கள்; எம்ஆர்ஐ சிக்னல் ஹைட்ரஜனிலிருந்து வருவது, அதில் ஹைட்ரஜன் இல்லாததால் சுற்றிலும் கருப்பாகவே வரும். விலைதான் கண்ணைக் கட்டும்.

இதையெல்லாம் செய்தாலும் சரிசெய்ய முடியாத ஒன்று, இறப்புக்கும் ஃபார்மலினுக்கும் இடையே போன நேரம். அதற்குள் திசு சிதையத் தொடங்கியிருக்கும். முழு மூளையை அப்படியே போட்டால் ஃபார்மலின் நடுப்பகுதிக்குப் போய்ச்சேரவும் நாளாகும். உங்கள் ஜாடிக்கு அந்த விவரம் பதிவில் இல்லையென்றால், கார்பஸ் கலோசம் (மூளையின் இரு பாதிகளையும் இணைப்பது) போன்ற பெரிய இழைக்கட்டுகளைப் பார்த்துப் பழக மட்டும் பயன்படுத்துங்கள். அதில் வரும் எண்களை வைத்துக் கட்டுரை எழுத வேண்டாம்.